கடற்காற்றும் காரின் அடித்தகடும்

குறைந்த பணத்தில் பழைய சிறிய கார் தேடுபவர்கள், அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மட்டக்களப்பில் அதைவிட முக்கியமானது, அந்தக் கார் இரவில் எங்கே நின்றது என்பது. கல்லடியிலோ நாவலடியிலோ கடலோரத்தில் பல ஆண்டுகள் வெளியில் நின்ற கார், அம்பாறையின் உட்பகுதியில் அதிலும் கூடிய தூரம் ஓடிய காரைவிட மோசமாகக் கறள் பிடித்திருக்கக்கூடும்.

தகட்டின் ஓரிடத்தில் இரும்பு இலத்திரன்களை இழந்து கரைய, வேறோரிடத்தில் ஒட்சிசனும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொள்வதாலேயே கறள் உண்டாகிறது. இதற்கு ஈரம் வேண்டும். உப்பு கலந்த ஈரம் மின்னை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு விரைவாகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைவதால், மழை பெய்யாத இரவிலும் தகட்டில் படிந்த உப்பு நனைந்தே கிடக்கும். கூரையில் படிந்ததை மாரிமழை கழுவிவிடும். அடித்தகட்டிலும் சில்லு வளைவின் உட்புறத்திலும் படிந்தது அப்படியே தங்கிவிடும். மேலே பளபளக்கும் காரைக் குனிந்து பார்க்காமல் வாங்கக் கூடாதென்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆல்ட்டோ போன்ற சிறிய கார்களுக்கு லொறியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது. மடித்துப் பற்றவைத்த தகடுகளே பாரம் முழுவதையும் தாங்குகின்றன. எஞ்சினில் தேய்ந்த பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடு உளுத்துப்போனால், அதை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்கும் செலவு சிறிய சேமிப்பை விழுங்கிவிடும்.

கறள் இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால், அது உள்ளே வளரும்போது மேற்பூச்சு பயறளவுக் கொப்புளமாக எழும்பும். அந்தக் கொப்புளத்தைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியைப் பூசி, வண்ணம் அடித்து மறைப்பவர்களும் உண்டு. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டோரமாக நகர்த்திப் பாருங்கள்: இரும்பில் இறுகப் பிடிக்கும் காந்தம், தடித்த பட்டியின் மேல் பிடி தளர்ந்து வழுக்கும். என் மைத்துனருக்காக நாங்கள் பார்த்த வெள்ளைக் காரில், பின்கதவுக்குக் கீழே காந்தம் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவேயில்லை. திருகாணிச் செலுத்தியின் பிடியால் மெல்லத் தட்டியபோது, மற்றப் பக்கத்தில் கணீரென்று கேட்ட ஒலி அங்கே மண்ணைத் தட்டியது போல் மந்தமாகக் கேட்டது. அந்தக் காரை அவர் வாங்கவில்லை.