பேட்ச் பிளாட்: தமிழில் ஈட்டச்சு

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் "பிளாட் போட்டாச்சா?" என்று ஒருவர் கேட்டால், கேட்டவர் யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்பவருக்கு அது நிலம். திருவனந்தபுரத்தில் அடுக்குமாடி வீடு பார்ப்பவருக்கு அதே எழுத்துகளில் வேறொரு பிளாட். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அது கணினியில் வரைந்ததைத் தாளில் எடுப்பது. கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் கொஞ்சம் தெளிவு உண்டு: மலையாளத்தில் மனை ப்ளோட்டு, அடுக்குமாடி ஃப்ளாட்டு. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பிளாட்டில் குடிவைத்துவிட்டோம். கணினியில் வரைந்த பல படங்களை ஒரே தடவையில் மொத்தமாகத் தாளில் அடிப்பதை பேட்ச் பிளாட் என்பார்கள்; அதற்குத் தமிழ் என்ன என்பதே இங்கே கேள்வி.

இதில் மனையும் வரைபடமும் உண்மையிலேயே ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் பிளாட் என்றால் சிறு நிலத்துண்டு. பிறகு அந்த நிலத்தைக் காட்டும் படத்துக்கும், அளவெடுத்துப் புள்ளி வைத்து வரைகிற செயலுக்கும் அதுவே பெயரானது. கணினிக்கு வந்தபோதும் பொருள் மாறவில்லை. 1959இல் வந்த கால்காம்ப் 565 போன்ற கருவிகள் பேனாவைப் பிடித்துக் கோடு கோடாக நிஜமாகவே வரைந்தன. அதனால் பிளாட்டர் எனப்படும் இந்தக் கருவிக்கு வரைவி என்ற தமிழ் பொருத்தமாக அமைந்தது. இன்றைய அகலத்தாள் கருவிகளில் பெரும்பாலானவை மையைப் புள்ளிகளாகத் தெளிப்பவை. வரைபடம் போடும் மென்பொருளான ஆட்டோகேடில் பிரிண்ட் என்று தட்டினாலும் பிளாட் பெட்டிதான் திறக்கும். வேலை அச்சாகிவிட்டது, பெயர் மட்டும் பழையது. ஆகவே இன்று அச்சு என்று சொல்வதில் தவறில்லை.

அடுத்தது பேட்ச். இதன் வேர் அடுப்படியில் இருக்கிறது. ரொட்டி சுடுவதைக் குறிக்கும் பேக் என்ற சொல்லோடு பிறந்தது இது; ஒரே தடவையில் அடுப்பில் வைத்து எடுக்கும் அளவுதான் பேட்ச். பிற்காலத்தில் துளையிட்ட அட்டைகளில் பல வேலைகளை அடுக்கிக் கொடுத்து, நடுவில் ஆள் தலையிடாமல் கணினி முடித்துத் தரும் முறைக்கு அந்தப் பெயர் போனது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த .பேட் கோப்புகளும் அதன் வாரிசுகளே.

வரைபட அலுவலகத்தில் இதன் தேவை எளிது. ஒரு வீட்டுக்கே மனைப்படம், தளப்படம், முகப்பு, வெட்டுத்தோற்றம், கம்பி விவரம், கழிவுநீர்த் தொட்டி என்று தாள்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து கருவி, தாள் அளவு, அளவுவிகிதம், எந்த நிறக் கோடு எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் தேர்ந்து அடிப்பது வீண் உழைப்பு. ஆட்டோகேடின் பழைய பதிப்புகளில் இதற்கு பேட்ச் பிளாட் என்றே தனிக் கருவி இருந்தது. இப்போது பப்ளிஷ் கட்டளை. தாள்களின் பட்டியலைக் கொடுத்தால் வரிசையாக அடிக்கும், அல்லது ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரும். பட்டியலை டி.எஸ்.டி. கோப்பாகச் சேமித்தால் அடுத்த திருத்தத்துக்கும் உதவும். ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு தாளின் பக்க அமைப்பும் முன்பே சரியாக இருக்க வேண்டும். ஒரு தாளில் மட்டும் 'தாளுக்குள் அடக்கு' என்று விட்டிருந்தால் 1:100 என்று எழுதியிருக்கும், ஆனால் ஸ்கேல் வைத்து அளந்தால் சுவர் சுருங்கியிருக்கும். ஒவ்வொன்றாக அடிக்கும்போது கண்ணில் படும் இந்தப் பிழை, மொத்தமாக அடிக்கும்போது சைட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

சரி, தமிழ்? கணினித் தமிழில் பேட்ச் என்பதற்குத் தொகுதி என்று எழுதிவருகிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. விளவங்கோடு தொகுதி, கிள்ளியூர் தொகுதி என்று தேர்தல் காதில் விழுவது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையான சிக்கல், தொகுதி என்பது செட் என்ற சொல்லுக்கு வேண்டியது. ஒரு வீட்டுக்கு உரிய தாள்கள் எல்லாம் சேர்ந்தது தாள் தொகுதி. அதை எப்போது அடித்தாலும் அது தொகுதிதான். பேட்ச் அப்படியல்ல. பெரிய தொகுதியை மூன்று பேட்சாக அடிக்கலாம்; ஐந்து வீட்டுத் தாள்களை ஒரே பேட்சில் தள்ளலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், தமிழில் வேலை சொல்லவே முடியாது.

இதற்கான சொல் நம் இட்லிக் கொப்பரையிலேயே இருக்கிறது: ஈடு. "முதல் ஈடு வெந்தாச்சு, இரண்டாம் ஈடு ஊத்து" என்கிறோமே, அதுதான். இடு என்ற வினையிலிருந்து வந்தது. ஒரு தடவையில் இட்டு எடுப்பது. ரொட்டியடுப்பு போன வழியிலேயே இட்லியும் போயிருக்கிறது. வீடு வீட்டு ஆவதுபோல ஈடு ஈட்டு ஆகும்; அச்சோடு சேர்ந்தால் ஈட்டச்சு.

ஒரு தடை சொல்வார்கள். ஈடு என்றால் அடமானம், இழப்பீடு என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் பிணை, ஒரு பொருள் நீண்ட நாள் உழைக்கும் தன்மை என்ற பொருள்கள்தான் முன்னால் வரும். உண்மைதான். ஆனால் இட்லிக் கடையில் யாரும் ஈடு என்றதும் பத்திரத்தைத் தேடுவதில்லை. இடம் பொருளைச் சொல்லிவிடும். வினையாகச் சொல்ல வேண்டுமானால் குமரி வழக்கே போதும்: "எல்லாத்தையும் ஒருமிச்சு அடிச்சுருங்க." ஒருமித்து என்பதன் பேச்சு வடிவம் அது, எல்லைக்கு அப்பாலும் அப்படியே புரியும்.

தொகுதி வேறு, ஈடு வேறு என்ற இந்தப் பிரிப்பு இரண்டு மாநிலத்துக்கும் படம் போடுபவர்களுக்கு நேரடியாக உதவும். தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019; கேரளப் பஞ்சாயத்துகளுக்குக் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள், 2019 என்று விதிகள் தனித்தனி. படத்தின் விவரங்களை எழுதும் பெயர்ப்பட்டையும் பக்க அமைப்பும் ஒன்றோடொன்று கலக்காமலிருக்க, தமிழ்நாட்டுத் தாள்களை ஓர் ஈடாகவும் கேரளத் தாள்களை மறு ஈடாகவும் அடிப்பது நல்லது. மருந்து அட்டையில் உள்ள பேட்ச் எண்ணை ஈட்டெண் எனலாம். கல்லூரி பேட்சுக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே அணி என்பதே போதும்.