ஆப்பர்ச்சூனிசம்: சந்தர்ப்பவாதமா, வாய்ப்புச் சூதா?

ஆப்பர்ச்சூனிசம் (opportunism) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சந்தர்ப்பவாதம் என்கிறோம். அப்படிச் சொன்னதும் தேர்தல் நேரத்தில் கூட்டணி தாவும் கட்சிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஒப்பந்தங்களை ஆராயும் பொருளியலில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் வேறு. எதிர்த்தரப்பால் கண்டுபிடிக்கவோ நிரூபிக்கவோ முடியாத இடம் பார்த்து, உண்மையை மறைத்தோ திரித்தோ ஆதாயம் தேடுவதே அது. 1975-இல் இதை அழுத்தமாக வரையறுத்தவர் ஆலிவர் வில்லியம்சன். 2009-இல் எலினார் ஆஸ்ட்ரமுடன் பொருளியல் நோபல் பெற்றவர். வெறும் தன்னலம் போதாது, அதோடு சூதும் சேர வேண்டும் என்பது அவர் வகுத்த எல்லை.

மூலம் லத்தீன். ‘போர்த்துஸ்’ என்றால் துறைமுகம். துறைமுகம் நோக்கி வீசும் சாதகமான காற்றுக்கு ‘ஆப்போர்தூனுஸ்’ என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் அரசியல்வாதி லியோன் காம்பெத்தாவின் குடியரசு அணிக்கு ‘ஆப்பர்ச்சூனிஸ்டுகள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆராய்ச்சியை வெளி நிறுவனத்திடம் கொடுக்கும்போது இந்தச் சூதுக்கு இடம் அதிகம். ஆயிரம் சட்டை தைக்கக் கொடுத்தால் எண்ணி வாங்கலாம். மருந்து மூலக்கூறு தேடும் ஆய்வில் எதை எண்ணுவது? இத்தனை விஞ்ஞானிகள், இத்தனை மாதம் என்று தலைக்கணக்கில் பில் வரும். அதே விஞ்ஞானி, அதே ஆய்வகத்தில், நம் பணத்தில் தன் நிறுவனத்தின் சொந்த மூலக்கூறில் பாதி நாளைச் செலவிட்டால் பில்லில் அது தெரியாது. முடிவு கிடைக்கவில்லை என்றால், ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். பல சமயம் அது உண்மையும்கூட, சிக்கலே அங்கேதான்.

பொருளியலாளர்கள் ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும் 584 உயிர்த்தொழில்நுட்ப ஆய்வு ஒப்பந்தங்களை அலசி 2010-இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. இன்ன மருந்துதான் என்று முன்கூட்டியே எழுத முடியாத ஆய்வுகளில், பாதியில் முறித்துக்கொள்ளும் உரிமையும், அப்படி முறித்தால் அந்த ஆய்வின் அறிவுசார் சொத்துரிமையும் பணம் போடுபவர் கைக்குப் போகின்றன. அந்தப் பயம் ஆய்வாளர்களைச் சொன்ன வேலையிலேயே நிறுத்துகிறது. ஆனால் பணம் போட்டவரும் சூது செய்யலாமே? நல்ல கண்டுபிடிப்பு கையில் வந்ததும் முறித்துக்கொண்டு போய்விடலாம். அதனால் முறித்தால் பணம் தர வேண்டும் என்றும் ஒரு விதி சேர்க்கிறார்கள். நல்ல ஒப்பந்தம் சப்ளையரை மட்டும் சந்தேகிப்பதில்லை.

இனி தமிழ்ச் சொல். சந்தர்ப்பம் வடசொல்; அங்கே கோத்துத் தொடுத்தல் என்பது மூலப்பொருள், தமிழில் வேளை, தறுவாய் என்றாயிற்று. வாதம் என்பது கொள்கை. ஆய்வகத்தில் மணிக்கணக்கை மாற்றி எழுதுவதில் கொள்கை எதுவும் இல்லை. ‘வாய்ப்புவாதம்’ என்றாலும் அதே குறைதான். வாய்ப்பைப் பயன்படுத்துவது பிழையும் அல்ல; காலம் பார்த்துச் செய் என்பது நம்மிடம் நல்ல புத்திமதி. பிழை சூதில் இருக்கிறது. ஆகவே அரசியலுக்குச் சந்தர்ப்பவாதம் இருக்கட்டும். ஒப்பந்தவியலில் ‘வாய்ப்புச் சூது’ என்பதே என் பரிந்துரை. ‘இரு தரப்பின் வாய்ப்புச் சூதையும் தடுக்கும் விதிகள்’ என்று எழுதினால் சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்.