இந்த இன்சுலின் எங்கிருந்து வந்தது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பிள்ளைக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி, சில சமயம் தானே உண்டாக்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கும் தாய்மார் உண்டாமே? டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

உண்டு. தாய்தான் என்றில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் யாராகவும் இருக்கலாம். லீட்ஸ் நகரக் குழந்தை மருத்துவர் ராய் மெடோ 1977-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். அவர் பார்த்த ஒரு சிறுமியின் சிறுநீரில் ரத்தம் இருந்தது; கலந்தது தாய்.

பார்த்துக்கொள்பவர் சொல்லும் அறிகுறியும் டாக்டர் காண்பதும் ஒட்டாது, அந்த ஒருவர் அருகில் இருந்தால் மட்டும் நோய் வரும். நம் ஊரில் நாகர்கோவிலில் ஒரு ஃபைல், நெய்யூரில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினால்தான் விஷயம் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ரத்தப் பரிசோதனை. பிள்ளைக்கு அடிக்கடி சர்க்கரை இறங்கி வலிப்பு வருகிறது, ரத்தத்தில் இன்சுலின் கூடுதல். கணையம் சுரந்ததா, யாராவது ஊசி போட்டார்களா? கணையம் முதலில் புரோஇன்சுலின் என்ற நீளமான புரதத்தைச் செய்கிறது. அதை வெட்டினால் இன்சுலினும் சி-பெப்டைடு என்ற துண்டும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது. வீட்டில் தேங்காய் உடைத்திருந்தால் சிரட்டை கிடக்க வேண்டுமே! இதற்குமேலும் ஒரு அழகு உண்டு. இன்சுலின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும், சி-பெப்டைடுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகவே உடலே சுரந்திருந்தால் சி-பெப்டைடுதான் மிஞ்சி நிற்கும். தலைகீழாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்த இன்சுலின்.

ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கும் அந்த நேரத்திலேயே ரத்தம் எடுத்துவிட வேண்டும். அப்புறம், கணையத்தைத் தூண்டும் சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்திருந்தால் இரண்டுமே கூடும். அந்த மாத்திரையை ரத்தத்தில் தனியாகத் தேட வேண்டும். சில புதுவகை இன்சுலின்கள் சில பரிசோதனைகளில் பிடிபடாமலும் போகும். கண்ணேறு, செய்வினை என்று கயிறு கட்டும் செலவில் ஒரு பங்கு இந்த மாதிரிப் பரிசோதனைகளுக்குப் போனால் நல்லது என்பேன்.

சரி, சந்தேகம் மட்டும் போதாது. அபூர்வ நோய்கள் நிஜமாகவே உண்டு. அதே மெடோ 1999-இல் சாலி கிளார்க் வழக்கில் தவறான புள்ளிவிவரத்தைச் சாட்சியாகச் சொன்னார். பிள்ளைகளைக் கொன்றதாகச் சிறைசென்ற அந்தத் தாய் 2003-இல்தான் விடுதலையானார்.

அதனால், பக்கத்து வீட்டில் இப்படி ஏதும் பட்டால் நேரே போய்ச் சண்டை போட வேண்டாம். மறுநாளே பிள்ளை கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி வேறு ஆஸ்பத்திரியில் இருக்கும். பார்க்கும் டாக்டரிடமோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-இலோ சொல்லுங்கள்.