பொருள் எண் 87

துறை வாசலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். நான் பாடம் எடுத்த பிள்ளைதான், பி.எஸ்சி. இயற்பியல், படிப்பு முடிந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அலைடு மேத்ஸ் ஒரு பேப்பர் மட்டும் பாக்கி. கல்யாணம், குழந்தை, ஜவுளிக்கடை வேலை என்று நாள் ஓடிவிட்டது, இப்போது குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் அந்த ஒரு பேப்பரை எழுதி டிகிரியை வாங்கிவிடலாம் என்று வந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்தையே வாங்கவில்லை.

"டைம் முடிஞ்சிடுச்சாம் மேடம். போன வருஷம் வந்திருந்தா எழுதியிருக்கலாமாம்."

படிப்புக் காலம் மூன்று வருடம், அதற்கு மேல் இரண்டு வருடம், அதற்குள் அரியர் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று விதி மாறியிருந்தது. எப்போது மாறியது என்று தேடிப் பார்த்தால், பாடம், தேர்வு விதிகளை முடிவு செய்கிற அகாடமிக் கவுன்சிலில், நான் உறுப்பினராக இருந்தபோதுதான் மாறியிருக்கிறது. மினிட்ஸில் பொருள் எண் 87, கீழே "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி. அன்று நான் அந்த அறையில் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அந்த அஜெண்டா இருநூறு பக்கத்துக்கு மேல். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கைக்கு வந்தது. 87-ம் பொருளில் "தேர்வு ஒழுங்குமுறைகளில் திருத்தம், காண்க இணைப்பு" என்று மட்டும்தான் இருந்தது, விஷயம் இணைப்பின் உள்ளே ஒரு அட்டவணையில் கிடந்தது. காலை பத்தரைக்கு ஆரம்பித்துச் சாப்பாட்டுக்குள் நூற்றுச் சொச்சம் பொருள்களை முடித்தோம். பதிவாளர் எண்ணை வாசிப்பார், ஒரு நொடி நிறுத்துவார், அடுத்த எண்ணுக்குப் போவார். அந்த ஒரு நொடிதான் எங்களுக்குக் கிடைத்த விவாத நேரம், அதை நாங்களும் பயன்படுத்தவில்லை. யாரும் எங்கள் வாயைக் கட்டவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சக ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு என்னை அனுப்பியிருந்தார்கள், நான் என் துறைப் பாடத்திட்டம் வரும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த அவைகள் பற்றி அதிகம் தெரியாது, உள்ளே இருக்கிற இளம் ஆசிரியர்கள் பலருக்குமே தெரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தேர்வு நடத்துகிற நிறுவனமாகத் தொடங்கியது. 1923-ல் வந்த சட்டம் அதைத் திருத்தி அமைத்தபோது செனட், சிண்டிகேட்டோடு, பாடம், தேர்வு சம்பந்தமான விஷயங்களுக்கென்று அகாடமிக் கவுன்சிலையும் வைத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன. சிண்டிகேட்டில் பணம், பணியிடம், நிர்வாகம், அங்கே அரசுச் செயலர்களும் உட்கார்ந்திருப்பார்கள். என்ன படிக்க வேண்டும், எத்தனை மார்க் வாங்கினால் பாஸ், எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியர்கள் அதிகமாக இருக்கிற அகாடமிக் கவுன்சில் வழியாகத்தான் போகும். அதாவது மாணவர்களின் தலையெழுத்தை மாற்றும் முடிவுகளில் நம் கை நேரடியாக இருக்கிறது.

ஊரெல்லாம் பேசுவது துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதைப் பற்றித்தான். அதன் முக்கியத்துவத்தை நான் குறைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது, உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையில் ஒரு குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் சட்டத் திருத்தங்களும் சேர்ந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே அகாடமிக் கவுன்சில்களும் கூடுகின்றன, விதிகளும் மாறுகின்றன, அதைப் பற்றி டீக்கடையிலும் பேச்சில்லை, ஆசிரியர் ஓய்வறையிலும் பேச்சில்லை.

2023 மே மாதம் நடந்தது நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே திரும்பப் பெறப்பட்டது. சேர்க்கை குறைந்தது உண்மையான பிரச்சினைதான், அதை மறைத்துப் பயனில்லை. ஏன் குறைந்தது, பாடநூல் இருக்கிறதா, வேலைக்கு எடுக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அந்த வகுப்புகளை எடுத்த ஆசிரியர்களை வைத்து ஒரு முழு நாள் பேச வேண்டிய விஷயம் அது. எடுத்த வேகத்தில் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது என்றால், இந்தப் பேச்சு முதலில் நடந்ததா என்று எவரும் கேட்கத்தானே செய்வார்கள்?

சரி, உறுப்பினராகப் போகிறவர் என்ன செய்யலாம்? நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அஜெண்டாவை இணைப்பிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். விதி மாறுகிற இடத்தில் பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், எந்த வருடம் சேர்ந்தவர்களிலிருந்து இது பொருந்தும் என்ற கேள்வி. 87-ம் பொருளில் அந்த ஒரு வரி இல்லை, அதனால்தான் விதி வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால் சேர்ந்த பெண்ணும் அதில் மாட்டிக்கொண்டாள்.

இன்னொன்று பின்னேற்பு. அவசரத்தில் துணைவேந்தர் தானே முடிவெடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. மழை வெள்ளத்தில் தேர்வைத் தள்ளிவைக்கும்போது கவுன்சிலைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது, அதனால் அந்த அதிகாரம் வேண்டியதுதான். ஆனால் கட்டண உயர்வு, புதுப் படிப்பு, மதிப்பெண் விதி என்று மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியவையும் அதே பட்டியலில் வந்தால், இதில் அவசரம் என்ன இருந்தது என்று எழுந்து கேளுங்கள். கூட்டம் ஆரம்பித்த பிறகு கையில் கொடுக்கிற டேபிள் அஜெண்டாவுக்கும் இதே கேள்விதான். படிக்க நேரம் தராவிட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். "என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பதிவாளருக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக முந்தைய மினிட்ஸை உறுதி செய்வார்கள், உங்கள் வார்த்தை விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்வதற்கு அதுதான் இடம்.

உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 4-வது பிரிவு, பொது அமைப்பு ஒவ்வொன்றும் தன் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, மினிட்ஸ் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அது சம்பந்தமான விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். உங்கள் பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்தின் கீழ் படிக்கிறது என்றால் அந்த மினிட்ஸைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் எந்தத் தப்பும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு வருவோம். நானும் வேறு மூன்று உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டு, 87-ம் பொருளை மறுபடி எடுக்க வேண்டும், பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பாக ஒரு தேர்வு வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். முதல் கூட்டத்தில் எடுக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் எடுத்தார்கள், அரை மணி நேரம் பேசினோம், நியாயமான எதிர்க் கருத்துகளும் வந்தன, கடைசியில் இரண்டு தடவை எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்த முதல் நாளே அவளுக்குப் போன் செய்தேன். கடையில் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வந்து நின்றாள், கையில் பழைய ஹால் டிக்கெட்டுகளை எல்லாம் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள்.