'ஆஜராகவில்லை' என்ற கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

சிறார் நீதிமன்றப் பதிவுகளை எக்செல்லில் ஏற்றிப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. சொல்லும்போது பெரிய வேலை மாதிரி இருக்கும். உண்மையில் பாதி நாள் தேதிகளைச் சரிசெய்வதிலேயே போய்விடும். ஒருவர் நாளை முன்னால் போடுவார், இன்னொருவர் மாதத்தை முன்னால் போடுவார், மூன்றாமவர் 'சென்ற வாரம்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நான் வேலைக்கு வந்த புதிதில், ஒரு நீதிமன்றத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எந்தப் பிள்ளைகள் வாய்தாவுக்கு ஒழுங்காக வர மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?"

சொல்ல முடிந்தது. மனநலச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிகம் தவறவிடுகிறார்கள் என்று தெரிந்தது, அதற்கு ஒரு அழகான வரைபடமும் போட்டாயிற்று. கூட்டத்துக்கு முந்தின நாள் ஏதோ உறுத்தியது. அந்தப் பிள்ளைகளின் கேஸ் கட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு கட்டில், 'ஆஜராகவில்லை' என்று பதிவான அதே தேதியில் மருத்துவமனையில் சேர்த்ததற்கான சீட்டு இருந்தது. இன்னொன்றில் அதே நாள், அதே காலை பத்து மணிக்கு ஆலோசகரைப் பார்க்க வேண்டிய நேரம். ஆலோசகரிடம் போ என்று உத்தரவு போட்டதும் இதே நீதிமன்றம்தான், பத்து மணிக்கு இங்கே வா என்று சொன்னதும் இதே நீதிமன்றம்தான். பையன் ஆலோசகரிடம் போனான், அவன் பேரில் பிடிவாரண்ட் வந்தது.

ரிஜிஸ்டர் எழுதுகிற குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், கூப்பிடுவோம், மூணு தடவை கூப்பிட்டும் வரலைன்னா 'ஆஜராகவில்லை'ன்னு போடுவேன். ஏன் வரலைன்னு எழுத இதுல கட்டமே இல்லையே."

கட்டமே இல்லை. எந்த மென்பொருள் வாங்கினாலும், எவ்வளவு பெரிய நிபுணரைக் கூப்பிட்டாலும், கட்டம் இல்லாத இடத்தில் தரவு இருக்காது. இருக்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை 'ஒத்துழைக்காதவன்' என்று முடிவு கட்டிவிடுவோம், அந்த முடிவு அடுத்த அறிக்கைக்கும் போகும், அதற்கடுத்த உத்தரவுக்கும் போகும்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட கொள்கை ஒன்றுண்டு, இன்றுவரை மாற்றவில்லை: தரவை முதலில் நீதிமன்றத்தின் பக்கம் திருப்ப வேண்டும், பிள்ளையின் பக்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைப் பற்றித் தெரிய வேண்டியது ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது பொதுவான கணக்கு. காவலில் இருக்கும் பிள்ளைகளிடம் போனால் கணக்கே வேறு. 1899-இல் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியது அமெரிக்காவின் சிகாகோவில். அதே ஊரின் சிறார் காவல் இல்லத்தில் 1995 முதல் 1998 வரை 1,829 பிள்ளைகளிடம் நேர்காணல் நடத்தினார்கள். லிண்டா டெப்ளின் குழு 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்கும் குறைந்தது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதே திட்டத்தின் இன்னொரு ஆய்வில், மனதை உலுக்கும் அதிர்ச்சி ஏதாவது ஒன்றையாவது சந்தித்தவர்கள் 92.5 சதவீதம். ஆகவே, வாசலில் நிற்கிற பிள்ளைக்கு ஏதாவது இருக்குமா என்பது இப்போது பெரிய கேள்வியே இல்லை. அவன் வந்ததிலிருந்து அவனை ஒருவர் உட்கார வைத்துப் பேசுகிற நாள் வரை எத்தனை நாள் ஆகிறது? என்னைப் பொறுத்தவரை கேள்வி அதுதான்.

எந்த நீதிமன்றத்திலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அளக்கலாம் என்று சொன்னால் நான் நான்கு தேதிகளைக் கேட்பேன். பிள்ளை முதலில் கொண்டுவரப்பட்ட தேதி, முதற்கட்ட மனநலக் கேள்விகள் கேட்கப்பட்ட தேதி, சிகிச்சைக்குப் பரிந்துரைத்த தேதி, சிகிச்சையாளரை உண்மையிலேயே முதன்முதலாகச் சந்தித்த தேதி. முதல் மூன்றும் பெரும்பாலும் கிடைத்துவிடும், ஏனென்றால் அவை நீதிமன்றத்துக்குள் நடப்பவை. நான்காவது இருக்காது. 'பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதியதோடு நம் கோப்பு மூடிக்கொள்ளும், பிள்ளை வெளியே எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டிருப்பான். அந்த நான்காவது தேதியைச் சேகரிக்க ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் அதைக் கேட்பதற்காக யாராவது ஒருவர் சிகிச்சை மையத்துக்குப் போன் போட்டாக வேண்டும், போட்டதும் "அப்படி ஒரு பிள்ளை இங்கே வரவே இல்லையே" என்ற பதில் வரும், அதைக் கேட்டபிறகு யாராலும் சும்மா இருக்க முடியாது.

இந்த இடைவெளியைக் கணக்கிடும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து பிள்ளைகள் 6, 8, 9, 11, 96 நாள் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 26 நாள், யாருமே 26 நாள் காத்திருக்கவில்லை. நடுவில் நிற்கிற எண்ணான 9-ஐப் போட்டால் 'பரவாயில்லையே' என்று தோன்றும், 96 நாள் காத்திருந்தவன் காணாமல் போய்விடுவான். நான் இரண்டையும் போட்டுவிட்டு, அடியில் அதிக நாள் காத்திருந்தவர்களின் வழக்குகளைத் தனியாக வரிசைப்படுத்திக் கொடுப்பேன். கூட்டத்தில் பேச்சு எப்போதும் அந்த அடிவரிசையில்தான் சூடு பிடிக்கும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை, ஆலோசனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் அனுப்பப்படாதவர்களையும் ஒப்பிட்டு, ஓராண்டுக்குள் மீண்டும் வழக்கில் சிக்கியவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தேன். ஆலோசனைக்குப் போனவர்கள்தான் அதிகம். அதை அப்படியே கூட்டத்தில் காட்டிவிட்டேன். 'அப்போ இந்த ஆலோசனையால் என்ன பிரயோஜனம்? நிதியை வேறு எதற்காவது திருப்பலாமே' என்று பேச்சு போனது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு நன்னடத்தை அலுவலர் மெதுவாகக் கேட்டார்: "நாங்க யாரை அனுப்புறோம்? ரொம்பக் கஷ்டத்துல இருக்கிற பிள்ளைங்களைத்தானே அனுப்புறோம்?" அவ்வளவுதான். காய்ச்சல் அதிகமாக இருப்பவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அதற்காக ஆஸ்பத்திரி காய்ச்சலைக் கொடுக்கிறது என்று சொல்வோமா? ஒரே மாதிரி சிரமத்தில் இருந்து, அனுப்பப்பட்டும் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்ணம் பூசிய படத்தைக் காட்டியது என் பிழை. அன்றிலிருந்து, களத்தில் இருக்கிற ஒருவர் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் நான் வெளியே விடுவதில்லை.

அடுத்தது முதற்கட்டக் கேள்வித்தாள்கள். தாமஸ் கிரிஸ்ஸோவும் ரிச்சர்ட் பார்னமும் உருவாக்கிய மேசி-2 என்ற கருவி பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. 12 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, 'ஆம்' 'இல்லை' என்று பதில் சொல்லும் 52 கேள்விகள், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போதைப் பழக்கம், எரிச்சல், சோர்வும் பதற்றமும், உடல் உபாதைகள், தற்கொலை எண்ணம் என்று தனித்தனி அளவுகோல்கள் உண்டு. இது நோயைக் கண்டறிகிற சோதனை கிடையாது. 'இந்தப் பிள்ளையிடம் இன்றைக்கே யாராவது உட்கார்ந்து பேசுங்கள்' என்று தட்டி எழுப்புகிற மணி, அவ்வளவுதான். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கோப்பில் ஏற்றியதும் அது நிரந்தர முத்திரை ஆகிவிடுகிறது. கொண்டுவரப்பட்ட அன்று இரவு, பயத்தில் அழுதுகொண்டு பதில் சொன்ன பிள்ளையின் மதிப்பெண்ணை ஆறு மாதம் கழித்து யாராவது மேற்கோள் காட்டினால் அதைவிட அபத்தம் வேறில்லை. ஆகவே தேதி போடாத மதிப்பெண்ணை நான் அட்டவணையில் சேர்ப்பதே இல்லை.

இதைவிட எனக்குப் பயம் தருவது 'எந்தப் பிள்ளை ஆபத்தானவன்' என்று கணிக்கிற மென்பொருள்கள். விற்க வருகிறவர்கள் '80 சதவீதம் சரியாகச் சொல்லும்' என்பார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பிள்ளைகளில் 20 பேர் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கருவி அந்த 20-இல் 16 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 20 சதவீதத்தை, அதாவது 196 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக 212 பேர் மீது சிவப்புக் கொடி, அதில் உண்மையானது 16, நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. விடுபட்ட 4 பேர் மீது பச்சைக் கொடி இருப்பதால் அவர்களை யாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிவப்புக் கொடி விழுந்தவர்களிடம் போய்ப் பேசுங்கள் என்றால் அதில் கெடுதல் இல்லை, 212 பேரிடமும் பேசலாம், நல்லதுதான். அதையே காவலில் வைப்பதற்கான காரணமாக்கினால் 196 பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வோம்?

கருவி எதை வைத்துக் கற்றுக்கொண்டது என்பதையும் கேளுங்கள். 2019-இல் ஓபர்மேயரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிறார் நீதி பற்றியது இல்லை, மருத்துவத்துறை பற்றியது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற ஒரு மென்பொருள், நோயின் தீவிரத்துக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவாக வைத்திருந்தது. கறுப்பின மக்களுக்கு அதுவரை குறைவாகவே செலவிடப்பட்டிருந்ததால், அவர்களுக்கு நோயும் குறைவு என்று அது எண்ணிக்கொண்டது. நம் பக்கமும் அதே கதைதான். முன்பு எத்தனை முறை கைதானான் என்பது பிள்ளையின் நடத்தையைக் காட்டுவதைவிட, போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் நிற்கிறது என்பதைத்தான் பல சமயம் காட்டும். முன்பு சிகிச்சை பெற்ற பதிவு இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் இல்லை, சிகிச்சை எட்டவில்லை என்றும் இருக்கலாம்.

அப்புறம் ரகசியம். தற்கொலை எண்ணம் உண்டா, போதைப்பொருள் எடுத்தாயா என்று கேட்கிறோம், பிள்ளை நம்பி உண்மையைச் சொல்கிறான். அந்தப் பதிலை அரசு வழக்கறிஞர் எடுத்து அவனுக்கு எதிராகவே பயன்படுத்தினால் அடுத்த பிள்ளை வாயைத் திறப்பானா? 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவு, தனக்கு எதிராகவே பேசும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், விசாரணையின் எல்லாக் கட்டங்களிலும் அவனுடைய அந்தரங்கம் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன்பே, பதில்கள் யார் கண்ணில் படும், யார் கண்ணில் படக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கிவிடுங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். '14 வயது, பெண், உணவுக் கோளாறு, ஒருவர்' என்று அறிக்கையில் போட்டால் சின்ன ஊரில் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் கட்டங்களை நான் வெறுமையாக விடுவேன், மேலதிகாரி கேட்டாலும்.

பெரிய மென்பொருள் எதுவும் இல்லாத சின்ன நீதிமன்றங்கள் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கு தேதி, வராததற்குக் காரணம். மாதம் ஒருமுறை நீதிபதி, நன்னடத்தை அலுவலர், சிகிச்சை மையத்திலிருந்து ஒருவர் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் படித்தால் போதும். படிக்காவிட்டால் எழுதுவதில் அர்த்தமே இல்லை, எழுதுகிறவர்களும் மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார்கள்.

நான் முதலில் சொன்ன நீதிமன்றத்தில் ரிஜிஸ்டரின் வலது ஓரத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டு, 'காரணம்' என்று தலைப்பு எழுதினோம். என்னிடம் குறியீட்டுப் பட்டியல் ஒன்று தயாராக இருந்தது: 1 என்றால் உடல்நலம், 2 என்றால் சிகிச்சை நேரத்தோடு மோதல், 3 என்றால் கூட்டிவர ஆளில்லை, 4 என்றால் தகவல் போய்ச் சேரவில்லை. குமாஸ்தா பட்டியலை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார், ஆனால் எண் போடாமல் தன் கையெழுத்தில் வாக்கியமாகவே எழுதினார். மாதக் கடைசியில் அதையெல்லாம் எண்ணாக மாற்ற உட்கார்ந்தேன். 'மாத்திரை போட்டதில் தூங்கிவிட்டான்.' 1. 'அம்மாவுக்கு லீவு தரவில்லையாம்.' 3. 'நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது.' 4.

அதற்கடுத்த வரி: 'வாசல் வரை வந்தான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.'

அதற்கு என் பட்டியலில் எண் இல்லை. அந்தப் பையனின் அடுத்த வாய்தாவை, கூடம் காலியாகிவிடும் மாலை நான்கு மணிக்கு மாற்றினார்கள்.