வெடிச் சத்தம் கேட்டால்: சட்டம் என்ன சொல்கிறது, முறைப்பாட்டை எந்த மொழியில் எழுத வேண்டும்?

தீபாவளிக்கு மறுநாள், இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. அமெரிக்காவில் எங்கேயோ பொலிஸ் டிரோன் பறக்கிறது, வீட்டுப் பின்பக்கம் பட்டாசு கொளுத்துபவரைப் படம் பிடிக்கிறது, பிறகு அபராதச் சீட்டு வருகிறது. "தம்பி, இனி நம்ம தோட்டத்துக்கும் இந்த மெஷினு வருமா?" என்று அடுத்த காம்பிராப் பெரியம்மா கேட்டார். அவர் கவலை எனக்குத் தெரியும். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. தப்பு மேளமும் வெடியும் இல்லாமல் ஒரு சாவைத் தூக்குவதா?

அந்த டிரோன் கலிபோர்னியாவின் சில நகரங்களில் ஜூலை 4 சுதந்திர தினத்துக்குப் பறப்பது. துப்பாக்கிச் சத்தத்துக்கு அமெரிக்காவில் வேறு கருவி இருக்கிறது. தெருக் கம்பங்களிலும் கூரைகளிலும் மைக் பொருத்துகிறார்கள். சத்தம் செக்கனுக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஒரு மைக்குக்கு வந்த சத்தம் அடுத்த மைக்குக்கு ஒரு செக்கன் பிந்தி வந்தால், வெடித்த இடம் இரண்டாவதைவிட முதலாவதற்கு 340 மீட்டர் கிட்ட. இப்படி மூன்று நான்கு மைக்குகளின் கணக்கைச் சேர்த்தால் இடம் விழும். துப்பாக்கியா பட்டாசா என்று முதலில் கணினி பிரிக்கும், பிறகு ஒரு ஆள் கேட்டுப் பார்த்துப் பொலிஸுக்கு அனுப்புவார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகாகோவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை துப்பாக்கிச் சத்தமாக இருக்கலாம் என்று வந்த 50,176 எச்சரிக்கைகளில், துப்பாக்கிக் குற்றத்துக்குச் சான்று கிடைத்தவை 9.1 சதவீதம்தான் என்று அந்த நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகமே கணக்குச் சொன்னது. 2024 செப்டம்பரில் நகரம் அந்தக் கருவியை நிறுத்திவிட்டது.

நம் மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர்மலை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வெடித்த சத்தம் அதில் மோதி மூன்று செக்கனில் திரும்பி வரும். ஒரு வெடி இரண்டாகக் கேட்கும். பனி இறங்கிய இரவில் பீலிக்கரைப் பக்கமா, தேயிலை மலைக்கு மேலேயா என்று ஐம்பது வருடம் அங்கேயே இருந்தவர்களுக்கே சண்டை வரும். மைக் பாவம்.

ஆகவே நமக்கு இருப்பது காதும், பொலிஸின் அவசர இலக்கமான 119உம். எதற்கு அழைக்கலாம் என்பதைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பன்றிக்கென்று பாதையில் கட்டி வைக்கும் கட்டுத்துப்பாக்கிக்கு அனுமதி என்ற பேச்சே இல்லை. கம்பியில் யார் கால் பட்டாலும் அது வெடிக்கும், விறகுக்குப் போகிறவர் கால் என்று அதற்குத் தெரியாது. தீனிக்குள் மறைத்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' வெடியும் குற்றமே. காட்டு மிருகம் காயப்பட்டுக் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம்.

பட்டாசு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வருகிறது. செய்வதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். லயத்துக் காம்பிராவில் மருந்து இடித்துத் திரி சுற்றுவது விளையாட்டு இல்லை, பக்கத்துக் காம்பிராவுக்கு நடுவில் இருப்பது ஒரே சுவர், மேலே ஒரே கூரை. ஒலிபெருக்கி விஷயம் வேறு. அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாகக் கொடுக்கக் கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரியம்மாவிடம், சாவு வீட்டு வெடியைக் கடையில் வாங்குங்கள், ராத்திரி மைக் செட்டை விட்டுவிடுங்கள் என்றேன்.

119க்கு அழைக்கும்போது "மலையில வெடிச்சிச்சு" என்று மட்டும் சொன்னால் பிரயோசனமில்லை. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் மலை, எத்தனை மணி, ஒரு வெடியா சரமா, பிறகு வாகனச் சத்தம் கேட்டதா என்று சொல்லுங்கள். கம்பியைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்புங்கள்.

நிலையத்துக்குப் போனால் அறிய வேண்டியது ஒன்று. எனக்கு ஒருமுறை நடந்தது: நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் புத்தகத்தை நீட்டினார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். போட்டிருக்கத் தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவுப்படி, வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாது என்றால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைக் குறித்து, உங்களுக்கு மொழிபெயர்த்து வாசிக்க வேண்டும்.

நான் இப்போது முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, ஒரு பிரதி எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.