செர்ரி மரத்தில் கத்தி வைக்கலாமா?

"செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், பிளம்மை வெட்டாதவனும் முட்டாள்" என்பது ஜப்பானியப் பழமொழி. அப்படியென்றால் சகுராவை, அதாவது ஜப்பானியப் பூச்செர்ரியை, கவாத்தே செய்யக்கூடாதா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். தாராளமாகச் செய்யலாம். வட ஜப்பானில் அவோமோரி மாநிலத்து ஹிரோசாகி பூங்காவே அதற்குச் சாட்சி. ஆப்பிள் விளையும் ஊர் அது. ஆப்பிளுக்குச் செய்யும் கவாத்தையே சகுராவுக்கும் செய்தார்கள். 'சோமெய் யோஷினோ' என்ற சகுரா ரகத்துக்கு ஆயுள் அறுபது வருடம் என்ற பேச்சு உண்டு. அங்கே 1882இல் நட்ட மரம் இன்னும் பூக்கிறது.

ஆனாலும் பழமொழிக்குக் காரணம் இருக்கிறது. நம் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகும் பகுதியை மரம் சுவர் கட்டி ஒதுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1977இல் இதை நான்கு சுவர்களாக விளக்கினார். முதல் சுவர் நீர்க்குழாய்களை மேலும் கீழும் அடைக்கும், நான்கில் இதுவே சோதா. இரண்டாவது, ஆண்டு வளையங்களின் ஓரத்தில் நின்று அழுகலை உள்ளே போகவிடாமல் தடுக்கும். மூன்றாவது பக்கவாட்டில் பரவாமல் பார்த்துக்கொள்ளும். நான்காவதுதான் அற்புதம்: காயம் பட்ட பிறகு கேம்பியம் (பட்டைக்கு அடியில் புதுக் கட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு) புதிதாக எழுப்பும் சுவர் அது. அன்றுவரை இருந்த கட்டை முழுவதும் உளுத்துப் போனாலும், அதற்குப் பின் உருவாகும் கட்டைக்குள் அழுகல் நுழைவது மிகக் கடினம். உள்ளே கூடாகிப்போன மரம் வெளியே செழித்து நிற்பது இதனால்தான்.

செர்ரி இந்தச் சுவர்களைக் கட்டுவதில் கெட்டிக்காரன் அல்ல. எனவே காயத்தைச் சிறிதாக, சரியான இடத்தில் ஏற்படுத்த வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் ஒரு புடைப்பு தெரியும். பூஞ்சையைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் சேரும் இடம் அது. அதை ஒட்டி வெளியே வெட்டுங்கள். புடைப்போடு மழித்தால் அரண் போய்விடும். கிளையில் ஒரு துண்டை மிச்சம் விட்டு வெட்டினால் அந்தத் துண்டு செத்து, பூஞ்சைக்கு வாசலாகும். பெரிய கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் பாரம் தாங்காமல் பட்டை தண்டுவரை உரிந்துவிடும். தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்குங்கள். மிச்சத்தைப் புடைப்பருகே எடுங்கள். தார் பூசினால் காயம் ஆறும் என்பது வெறும் நம்பிக்கை. அடியில் ஈரம் தங்குவதே மிச்சம்.

பிரிட்டனில் கோடையில் வெட்டச் சொல்கிறார்கள். இலையை வெள்ளியாக்கும் பூஞ்சையின் வித்துகள் ஈரமான குளிர்காலத்தில் பறந்து புதுக் காயத்தில் இறங்கும். ஜப்பானில் இலையுதிர்ந்த மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுவதே வழக்கம். அடுத்த வருடப் பூமொட்டு கோடையிலேயே உருவாகிவிடுவதால், எப்போது வெட்டினாலும் கொஞ்சம் பூ போகும்தான்.

நுனிகளை மொட்டையாக நறுக்கி உருண்டை வடிவம் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பூக்காத போத்துகள்தான் கும்பலாகக் கிளம்பும். துடைப்பம் போல் அடர்ந்த கொத்து தெரிந்தால் அது பேயின் வேலையல்ல, 'டாஃப்ரினா' பூஞ்சை. குளிர்காலத்தில் கொத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். தொங்கு செர்ரி பெரும்பாலும் நேரான வேர்ச்செடியின் உச்சியில் ஒட்டுக்கட்டியது. ஒட்டுக்குக் கீழே நிமிர்ந்து வரும் துளிர்களை விட்டுவைத்தால் தொங்கும் கிளைகளை அவை மிஞ்சிவிடும். பச்சையாக இருக்கும்போதே கட்டைவிரலால் தேய்த்து எடுத்தால் போதும், கத்தியே வேண்டாம்.